100 அங்குல வெண்திரையை வீட்டிலேயே செய்வது எப்படி?

புரொஜெக்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் சுவரில்தான் படம் போட்டுப் பார்க்கிறோம். அதன்பிறகு வெள்ளை வேட்டி, பெட்ஷீட் என்று கட்டிப் பார்க்கிறோம். மின்விசிறி போட்டதும் நாயகன் முகம் நெளிகிறது. நடுவில் மடிப்புக்கோடு தெரிகிறது. அப்போதுதான் ஒழுங்கான திரை ஒன்று வேண்டும் என்று தோன்றும். கடையில் விலை கேட்டால் சில சமயம் புரொஜெக்டர் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையை ஒரு சனி, ஞாயிறில் வீட்டிலேயே செய்துவிடலாம். தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையாக அளக்கத் தெரிந்தால் போதும்.

திரை செய்யப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி "என்ன துணி?" என்றுதான் வரும். என்னைக் கேட்டால் அது ஐந்தாவது கேள்வி. படத்தின் அளவு புரொஜெக்டருக்குப் பொருந்த வேண்டும். பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். சுற்றிலும் நல்ல கறுப்பில் ஓரம் வேண்டும். அறை இருட்டாக வேண்டும். இந்த நான்கும் அமைந்துவிட்டால் ஜன்னல் திரைச்சீலைக்கு உள்புறம் வைத்துத் தைக்கிற பிளாக்அவுட் துணியே அருமையான படம் காட்டும். இவை அமையாமல் எவ்வளவு விலை உயர்ந்த துணி வாங்கினாலும் படம் வெளிறித்தான் கிடக்கும்.

அளவைப் புரொஜெக்டரிடம் கேளுங்கள்

டிவியைப் போலவே திரையையும் மூலைக்கு மூலை அளந்துதான் சொல்வார்கள். இன்றைய புரொஜெக்டர்களில் பெரும்பாலானவை 16:9 விகிதம். அந்த விகிதத்தில் 80 அங்குலத் திரை என்றால் அகலம் 69.7, உயரம் 39.2 அங்குலம். 100 என்றால் 87.2-க்கு 49. 120 என்றால் 104.6-க்கு 58.8. வேறு அளவு வேண்டுமென்றால் மூலைவிட்டத்தை 0.872-ஆல் பெருக்கினால் அகலம், 0.49-ஆல் பெருக்கினால் உயரம்.

120 அங்குலம் போட்டால் என்ன என்று ஆசை வரும். ஆனால் புரொஜெக்டரிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரே அளவுதான். திரை பெரிதாகப் பெரிதாக அதே வெளிச்சம் அதிகப் பரப்பில் பரவி மங்கிப்போகும். இதற்கு எளிய கணக்கு உண்டு. புரொஜெக்டரின் ஆன்சி லூமென்ஸை, அதாவது தரமுறைப்படி அளந்த வெளிச்ச அளவை, திரையின் சதுர அடியால் வகுத்தால் கிடைப்பது ஃபுட்-லாம்பர்ட் கணக்கில் திரையின் வெளிச்சம். டிஜிட்டல் சினிமா தியேட்டருக்கான தரநிலை 14 ஃபுட்-லாம்பர்ட். இருட்டான வீட்டு அறைக்கும் அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

300 ஆன்சி லூமென்ஸ் தருகிற சிறிய எல்இடி புரொஜெக்டர் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 அங்குலத் திரையின் பரப்பு 19 சதுர அடி. வகுத்தால் ஏறக்குறைய 16 வருகிறது. நன்றாக இருக்கும். அதையே 30 சதுர அடிக்குச் சற்றுக் குறைவான 100 அங்குலத்தில் போட்டால் 10-தான். 120-இல் 7. இரவுக் காட்சி வருகிற இடமெல்லாம் ஒன்றும் தெரியாது. 100 அங்குலத்துக்கு 450 ஆன்சி லூமென்ஸாவது வேண்டும். 600 இருந்தால் தாராளம். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வெறும் 'லூமென்ஸ்' எண்ணை இந்தக் கணக்கில் போடாதீர்கள். 'ஆன்சி' என்ற சொல்லோ, அதற்கு இணையான 'ஐஎஸ்ஓ லூமென்ஸ்' என்ற சொல்லோ சேர்ந்து வருகிற எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்து, உட்காரும் தூரம். 100 அங்குலத் திரையைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் படம் நம் பார்வையில் 40 பாகைக்கு விரியும். தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பதின்மூன்றரை அடி தள்ளிப்போனால் 30 பாகை. நீண்ட நேரம் பார்க்க இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சுகமானது. ஹால் எட்டடிதான் என்றால் 80 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே கண்ணுக்கு நல்லது.

மூன்றாவது, புரொஜெக்டரை வைக்கும் தூரம். அதன் கையேட்டில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் லென்ஸிலிருந்து திரை வரைக்கும் உள்ள தூரம் கிடைக்கும். 1.2 என்றால் 100 அங்குலப் படத்துக்கு 8 அடி 9 அங்குலம். அந்த இடத்தில் மின்விசிறியின் இறக்கை ஒளியை மறிக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் ஹாலுக்கு நடுவில் விசிறி தொங்குவதால் இது பெரிய தொல்லை. சீலிங்கில் மாட்டுவதாக இருந்தால் விசிறியின் அதிர்வு லென்ஸுக்கு ஏறாதபடி தள்ளி மாட்டவேண்டும்.

கணக்கு முடிந்ததும் மரக்கடைக்கு ஓடிவிடாதீர்கள். புரொஜெக்டரை அது இருக்கப்போகும் இடத்தில் வைத்து, சுவரில் படம் போட்டு, நான்கு மூலைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சில நாள் அப்படியே படம் பாருங்கள். கழுத்தைத் தூக்கவேண்டியிருக்கிறதா, வழியில் நடப்பவர் நிழல் விழுகிறதா, சப்டைட்டில் படிக்க முடிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இந்தச் சோதனையில் கீஸ்டோனை அறவே தொடாதீர்கள். கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் நிமிர்த்துவது போலத் தெரிந்தாலும், பிக்சல்களை வெட்டித்தான் அதைச் செய்கிறது. படத்தின் கூர்மை போய்விடும். புரொஜெக்டரை நேராக வைத்து நேரான செவ்வகம் வரும் இடம் எதுவோ, அதுதான் திரைக்கான இடம்.

துணி வாங்கும்போது

துணிக்கடையில் முதலில் கேட்கவேண்டியது பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்பது. இதை மறந்தால் மொத்த வேலையும் மாறிவிடும். திரைச்சீலைத் துணிகள் பெரும்பாலும் 48 அல்லது 54 அங்குலப் பன்னாவில் வருகின்றன. 100 அங்குலத் திரைக்குப் படத்தின் உயரம் 49. மேலும் கீழும் 2 அங்குலச் சட்டம் சேர்த்தால் 53. சட்டத்தின் பின்பக்கம் மடித்து அடிக்க ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம். ஆக 59 அங்குல அகலம் வேண்டும். 54 பன்னாவில் இது வராது. இரண்டு துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்தால் அந்தத் தையல், வானம் காட்டும் ஒவ்வொரு காட்சியிலும் குறுக்கே ஓடும். அகலப் பன்னா கிடைக்கவில்லை என்றால் திரையை 90 அங்குலமாகக் குறைத்துவிடுங்கள். 44 அங்குலப் படம், 48 அங்குலச் சட்டம், 54 அங்குலத் துணி என்று கச்சிதமாகப் பொருந்தும். 100-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் படம் ஓட ஆரம்பித்தால் மறந்துவிடும். நடுவில் ஓடும் தையல் மறக்காது.

பிளாக்அவுட் துணியின் ஒருபுறம் வெள்ளையாக, பளபளப்பில்லாமல், ரப்பர் பூச்சுப் போல இருக்கும். திரைக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் வைத்து முன்புறம் பாருங்கள், வெளிச்சம் கசியக்கூடாது. பிறகு டார்ச்சை முன்பக்கம் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் கண்ணாடி போல மின்னினால் வேண்டாம். அப்படி மின்னும் துணியில் படத்தின் நடுப்பகுதி வெளுத்தும் ஓரங்கள் இருண்டும் தெரியும்.

நெசவு கரடாக இருக்குமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. 100 அங்குலத்தில் ஃபுல் எச்டி படத்தின் ஒரு பிக்சல் 1.15 மில்லிமீட்டர். நெசவு அதைவிட நுணுக்கமாக இருந்தால் உட்காரும் தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. தூய வெள்ளைதானா என்பதை மட்டும் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துளி மஞ்சள் கலந்திருந்தால் புரொஜெக்டரின் வண்ண அமைப்பில் சரிசெய்துகொள்ளலாம். நீலம் பூத்த 'பளிச்' வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது.

துணி கிடைக்காத ஊரில் ஃபிளெக்ஸ் அச்சகம் இருக்கும். அச்சடிக்காத வெற்று ஃபிளெக்ஸ், அதுவும் பின்புறம் கறுப்பாக உள்ள வகை, நல்ல திரையாகும். அகலமான சுருள்களில் வருவதால் ஒட்டுப்போடும் பிரச்சினையே இல்லை. மேல்பரப்பு பளபளப்பில்லாத 'மேட்' வகைதானா என்று டார்ச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள். மடித்துத் தர விடாதீர்கள். சுருட்டித்தான் வாங்க வேண்டும். ஃபிளெக்ஸில் விழுந்த மடிப்பு லேசில் போகாது. பிளாஸ்டிக் வாடையும் இருக்கும். இரண்டு நாள் மொட்டைமாடியில் நிழலாக விரித்துவைத்தால் பெருமளவு அடங்கிவிடும்.

சாம்பல் நிறத் திரை, வெள்ளிப் பெயின்ட் பற்றியெல்லாம் படித்திருப்பீர்கள். சாம்பல் பரப்பு கறுப்பை ஆழமாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் மொத்த வெளிச்சத்தையும் அதே அளவுக்குத் தின்றுவிடும். லூமென்ஸ் மிச்சமிருக்கிற பெரிய புரொஜெக்டர்காரர்களுக்கு அது. முதல் திரைக்கு மேட் வெள்ளையே சரி. இன்னொன்று: திரைக்கு அடியிலேயே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகைப் புரொஜெக்டர் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையின் முறை வேண்டாம். அதன் ஒளி மிகச் சாய்வாக மேலேறுவதால் துணியில் நூலளவு அலை இருந்தாலும் படத்தில் கோடுகள் வளையும். அதற்குக் கெட்டியான தட்டைப் பலகைதான் பொருந்தும்.

சட்டம்

100 அங்குலத்துக்கான கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மரக்கடையில் 2-க்கு 1 ரீப்பர் என்று கேளுங்கள், 2 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள நீளக்கட்டை அது. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். வில் போல வளைந்ததையும் முறுக்கிக்கொண்டதையும் அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். திரை தட்டையாக வருமா என்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நிதானமாகப் பொறுக்குங்கள்.

வெளிப்புற அளவு அகலம் 91¼, உயரம் 53 அங்குலம். மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் 91¼ நீளத்தில் இரண்டு. பக்கக் கட்டைகள் அவற்றுக்கு இடையில் நிற்பதால் 49 அங்குலத்தில் இரண்டு. நடுவில் தாங்கலுக்கு 49-இல் இன்னொன்று. எட்டடி ரீப்பர் ஒன்றில் நீளக்கட்டை ஒன்று வரும், ஆக எட்டடியில் இரண்டு. மற்றவற்றுக்கும் எட்டடியே வாங்கிவிடாதீர்கள். எட்டடி என்பது 96 அங்குலம்; 49-இல் இரண்டு வெட்ட 98 வேண்டும், இரண்டங்குலம் குறையும். பத்தடியில் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் இரண்டு 49. மற்றதில் ஒரு 49 போக மிச்சம் 71 அங்குலம் இருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள், சுவரில் மாட்டுவதற்குத் தேவைப்படும்.

2 அங்குலம் என்று கடையில் சொல்வது இழைத்த பிறகு 1¾-ஆகவும் இருக்கும். வெட்டுவதற்கு முன் மரத்தை அளந்து, மேலே சொன்ன கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். கட்டைகளுக்கு இடையே உள்ள உள்வெளி 87¼-க்கு 49 ஆக வரவேண்டும். அது ஒன்றுதான் மாறாத அளவு.

வெட்டும்போது ஒரே நீளமுள்ள இரண்டு கட்டைகளை ஒன்றாக அடுக்கி, டேப் சுற்றி, ஒரே வெட்டாக வெட்டுங்கள். அளவில் சிறு பிசகு இருந்தாலும் இரண்டும் சமமாக இருக்கும், சட்டம் கோணாது. மூலைகளை 45 பாகையில் வெட்டிச் சேர்ப்பது பார்க்க அழகு. ஆனால் இங்கே எல்லாமே துணிக்குள் மறையப் போகிறது. நேர்வெட்டே போதும், அதுதான் உறுதியும்கூட.

தரையில் சட்டத்தைக் குப்புறப் பரப்பி, மூலைகளில் மரப்பசை தடவி, வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு 3 அங்குல ஸ்க்ரூ இறக்குங்கள். ஸ்க்ரூ போகும் இடத்தில் முதலில் மெல்லிய டிரில் பிட்டால் துளை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரீப்பர் நீளவாக்கில் பிளக்கும். பசை காயுமுன் மூலைமட்டம் பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமானது மூலைவிட்டம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப் பிடியுங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு. இரண்டும் 105½ அங்குலம் வரவேண்டும். ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் இருந்தால் நீண்ட மூலைகளை உள்நோக்கி அழுத்தி இரண்டையும் சமப்படுத்துங்கள். வித்தியாசம் ஒரு நூல் அளவுக்குள் வந்ததும், பின்பக்கம் உள்ளோரத்தை ஒட்டி எல் வடிவ இரும்புப் பட்டைகளை ஸ்க்ரூ அடித்து இறுக்கிவிடுங்கள். இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

நடுக்கட்டைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. துணியை இழுத்துக் கட்டும்போது ஏழரை அடி நீளக்கட்டைகள் உள்ளே வளைந்துவிடாமல் தாங்குவது இதுதான். ஆனால் இது துணியைத் தொட்டால் படத்தின் நடுவே செங்குத்தாக ஒரு தடம் தெரியும். அதனால் இந்த ஒரு கட்டையை மட்டும் கால் அங்குலம் இழைத்து வாங்கி, சட்டத்தின் பின்பரப்போடு சமமாகப் பொருத்துங்கள். முன்பக்கம் கால் அங்குல இடைவெளி நிற்கும்.

கடைசியாக, முன்பக்க வெளிவிளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கூர்மையான விளிம்பு இழுவிசையில் துணியை அறுக்கும். கரையான் பயமுள்ள வீட்டில் மரத்துக்கான கரையான் தடுப்பு மருந்தை ஒரு கோட் அடித்துக் காயவிடுவது நல்லது. மரமே வேண்டாம் என்றால் அலுமினியம் பாக்ஸ் பைப்பிலும் இதே அளவில் செய்யலாம். அதில் ஸ்டேப்ளர் ஏறாது. துணியைப் பின்பக்கம் பட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டியிருக்கும்.

துணியை இழுத்துக் கட்டுவது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுக்க, ஒருவர் அடிக்க. தனியாகச் செய்தால் ஏதாவது ஒரு மூலையில் சுருக்கம் நிச்சயம்.

தரையை நன்றாகப் பெருக்கித் துடைத்து, சுத்தமான போர்வை விரியுங்கள். அதன்மேல் துணியை, படம் விழும் பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். மடிப்புத்தடம் இருந்தால் பின்பக்கம் மட்டும், இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்துத் தேயுங்கள். பூச்சு உள்ள பக்கம் சூடு பட்டால் உருகிவிடும். ஃபிளெக்ஸ் என்றால் இஸ்திரி கூடாது. அரைமணி நேரம் வெயிலில் வைத்து, இளகியிருக்கும்போதே கட்டத் தொடங்குங்கள். ஆறியதும் தானே இறுகும்.

சட்டத்தைத் துணியின்மேல் குப்புற வைத்து, நாலாபுறமும் 3 அங்குலம் வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். இப்போது கன் டேக்கரில் (மரத்தில் பின் அடிக்கும் ஸ்டேப்ளர்) 8 மில்லிமீட்டர் பின் போட்டு, மேல்கட்டையின் நட்டநடுவில் ஒரு பின் அடியுங்கள். எதிரே கீழ்க்கட்டையின் நடுவுக்குப் போய், துணியை இழுத்துப் பிடித்து ஒன்று. பிறகு இடது பக்கக் கட்டையின் நடு, வலது பக்கக் கட்டையின் நடு. துணியில் சிலுவை போல ஓர் இறுக்கம் தெரியும். இனி நடுவிலிருந்து இருபுறமும் ஒரு சாண் ஒரு சாணாக நகருங்கள். மேலே ஒன்று அடித்தால் உடனே கீழே அதற்கு நேரே ஒன்று, இடதில் ஒன்று என்றால் வலதில் ஒன்று. எந்தப் பக்கத்தையும் தனியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. ஓவியர்கள் கேன்வாஸ் கட்டுவதும் இதே முறையில்தான். ஒரு பக்கத்தை முதலில் முழுக்க அடித்துவிட்டால் இழுவிசை ஒருபக்கமாகச் சேர்ந்து அலையலையாக நிற்கும்.

மூலைகள் கடைசி. மூலைத்துணியை முக்கோணமாக உள்ளே மடித்து, இரு பக்கத்தையும் அதன்மேல் கொண்டுவந்து, தட்டையாக வைத்து அடியுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாதபடி நிரப்புங்கள். எவ்வளவு இழுப்பது என்று கேட்டால், சுண்டினால் தப்புமேளம் போல மெல்லிய சத்தம் வரவேண்டும். நடுவில் விரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காமல் உடனே நிமிரவேண்டும். அதற்கு மேல் இழுத்தால் பின் அடித்த இடங்களில் துணி கிழியத் தொடங்கும்.

இப்போது திரையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, விளக்குகளை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சாய்வான ஒளியில் நூலிழை அளவுச் சுருக்கமும் நிழலாகத் தெரியும். மூலையிலிருந்து நடுவை நோக்கிச் சாய்வாக ஓடும் சுருக்கம் இருந்தால், அந்த மூலைக்கு அருகில் உள்ள பின்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு மறுபடி இழுத்து அடியுங்கள். வெல்வெட் ஒட்டிய பிறகு இதைச் செய்வது கஷ்டம், அதனால் இந்தக் கட்டத்தில் திருப்தி வரும்வரை விடாதீர்கள்.

கறுப்பு வெல்வெட்

இந்தத் திரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். வெறும் வெள்ளைத் திரையில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, சுற்றிலும் கறுப்பு வெல்வெட் வைத்த பிறகு அதே படத்தைப் பாருங்கள். நிறம் ஆழமாகிறது, படம் கூர்மையாகிறது. திரையில் வெளிச்சம் ஒரு துளி கூடவில்லை. பக்கத்தில் உண்மையான கறுப்பு இருப்பதால் நம் கண் படத்தின் சாம்பலையும் கறுப்பாக எடுத்துக்கொள்கிறது. தியேட்டர் திரையைச் சுற்றிக் கறுப்புத்துணி தொங்குவதும் இதற்காகத்தான். கறுப்புப் பெயின்ட்டோ கறுப்பு டேப்போ அந்த வேலையைப் பாதிதான் செய்யும். வெல்வெட்டின் மயிர்ப்பரப்புக்குள் போன ஒளி வெளியே வராது. படத்தின் ஓரம் கால் அங்குலம் சட்டத்தின்மேல் விழுந்தாலும் தடயமே இல்லாமல் விழுங்கிவிடும்.

44 அங்குலப் பன்னாவில் 2¾ மீட்டர் வாங்கினால் போதும். நீளவாக்கில் 5 அங்குல அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டுங்கள். முன்முகத்துக்கு 2, பக்கத்துக்கு 1, பின்னால் அடிக்க 1½, உள்ளோரம் மடிக்க ½. வெல்வெட்டைத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒரே திசையில் படுக்கும்படியும், பக்கப் பட்டைகள் இரண்டும் ஒரே திசையில் நிற்கும்படியும் ஒட்டுங்கள். மாறிப்போனால் ஒன்று கறுப்பாகவும் மற்றது சாம்பல் பூத்தும் தெரியும்.

உள்ளோரம் நேர்க்கோடாக இருப்பதுதான் முக்கியம். மேஸ்திரிகள் செய்வது போல ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, பென்சிலால் லேசாகக் கோடிட்டு, அந்தக் கோட்டை ஒட்டி இரட்டைப்பக்க டேப்பை ஒட்டுங்கள். வெல்வெட்டின் அரை அங்குல மடிப்பை அதில் அழுத்தி, மிச்சத்தைச் சட்டத்தைச் சுற்றிப் பின்னால் இழுத்துப் பின் அடியுங்கள். முதலில் மேலும் கீழும். பிறகு பக்கங்கள், அவற்றின் முனைகளை உள்ளே மடித்து. திரவப் பசை வேண்டாம். துணிக்குள் ஊறி வெள்ளைப் பரப்பில் மஞ்சள் கறை எழும்பும்.

சினிமாஸ்கோப் படங்கள் அதிகம் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. 2.39 விகிதப் படம் இந்தத் திரையில் 36½ அங்குல உயரத்தில்தான் விழும். மேலும் கீழும் 6¼ அங்குலம் சாம்பல் பட்டையாக நிற்கும். மிச்சமுள்ள வெல்வெட்டில் 9 அங்குல அகலப் பட்டைகள் இரண்டு வரும். 90 அங்குல நீளம், 6½ அங்குல அகலத்தில் இரண்டு சன்போர்டு (எடை குறைந்த பிளாஸ்டிக் பலகை) துண்டுகளில் அதைச் சுற்றிக்கொள்ளுங்கள். பக்கச் சட்டங்களில் வெல்வெட் ஒட்டுவதற்கு முன் மெல்லிய இரும்புத் தகடுகளை அடியில் வைத்துவிட்டு, சன்போர்டின் பின்னால் சிறு காந்தங்கள் ஒட்டிவிட்டால், படத்துக்கேற்ப வைக்கலாம், எடுக்கலாம். இதைச் செய்துவிட்டால் 16:9 திரையே ஸ்கோப் திரையாகிவிடும்.

சுவரில் மாட்டுதல்

எடுத்து வைத்த 71 அங்குலத் துண்டிலிருந்து 48 அங்குலம் வெட்டி, அதை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் இரண்டாகப் பிளந்து தரச்சொல்லி மரஅறுவை மில்லில் கேளுங்கள். ஒரு பாதியை, சாய்வு கீழே பார்க்கும்படி திரையின் மேல்கட்டைக்குப் பின்னால் ஸ்க்ரூ அடியுங்கள். மறுபாதி, சாய்வு மேலே பார்க்கும்படி சுவரில். ஒன்றின்மேல் ஒன்று கவ்வி உட்காரும். திரையை இடமும் வலமும் நகர்த்தி நடுப்படுத்தலாம், வெள்ளையடிக்கும்போது தூக்கி இறக்கலாம். கீழ்க்கட்டைக்குப் பின்னால் ஒரு அங்குலக் கட்டை இரண்டை ஒட்டிவிட்டால் திரை முன்னால் சாயாமல் நேராக நிற்கும். அந்த ஒரு அங்குல இடைவெளி காற்றோட்டத்துக்கும் நல்லது. மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கசிந்தாலும் துணியில் பூஞ்சை ஏறாது.

சுவர்ப் பட்டைக்கு நான்கு ராவல் பிளக் போதும். துளைபோடும் முன் ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், வயர் ஓடும் பாதை அது.

உயரத்தை உட்காரும் முறைதான் தீர்மானிக்கும். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 40 அங்குலத்தில் இருக்கும். திரையின் கீழ்மூன்றில் ஒரு பங்கு கண்மட்டத்தில் வந்தால் கழுத்து வலிக்காது. அப்படியானால் படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடி. வீட்டில் எல்லோரும் பாய் விரித்துத்தான் பார்ப்பீர்கள் என்றால் இன்னும் அரையடி இறக்கலாம்.

புரொஜெக்டரைப் போட்டு, படத்தின் நான்கு ஓரமும் வெல்வெட்டின்மேல் சமமாக, நூலளவு ஏறும்படி நகர்த்துங்கள். ஃபோகஸைச் சரிபார்க்கப் படக்காட்சி வேண்டாம். மெனுவில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். நடுவிலும் நான்கு மூலையிலும் எழுத்து ஒரே கூர்மையில் இருந்தால் புரொஜெக்டர் திரைக்கு நேராக இருக்கிறது என்று பொருள்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. திரையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் வெள்ளைச் சீலிங்கிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து கறுப்பை வெளிறச் செய்யும். ஜன்னலை மூடினால் மட்டும் இது தீராது. சொந்த வீடாக இருந்தால் திரைக்கு முன்னால் மூன்றடி வரை சீலிங்குக்கும் பக்கச் சுவர்களுக்கும் அடர்ந்த நிறத்தில் மேட் பெயின்ட் அடித்துவிடுங்கள். வாடகை வீட்டில் திரையின் இருபுறமும் அடர்நிறத் திரைச்சீலை தொங்கவிடலாம். புதிதாகத் திரை செய்தவர்கள் துணியை மாற்றலாமா என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்; பெரும்பாலும் துணி மாற்றும் எண்ணமே பிறகு வருவதில்லை.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் தனியாக மின்னும். பல்லி எச்சத்தை ஈரமாக இருக்கும்போது துடைக்கக்கூடாது. காயவிட்டு உதிர்த்துவிட்டு, மிச்சத் தடத்தைச் சற்றே நனைத்த பஞ்சால் ஒற்றியெடுங்கள். முதல் மாதம் முடிந்ததும் திரையை இறக்கி மறுபடி டார்ச் சோதனை செய்யுங்கள். புதுத்துணி கொஞ்சம் தளர்ந்திருக்கும். கீழ்க்கட்டையில் மட்டும் வெல்வெட்டின் பின்பக்கப் பின்களை எடுத்துவிட்டு, துணியை ஒரு சுற்று இழுத்து அடித்தால் அதன்பிறகு பல வருடம் தொடவேண்டியிருக்காது.